மிதாஸ் பாறையில் இருப்பது கிரேக்கமா, வேறு ஏதாவது மொழியா?

பெட்டிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் மொழி படித்தவன் இல்லை, வெல்டிங் சோதிக்கிறவன். ரயில் பெட்டி வேலையாகத் துருக்கியில் எஸ்கிஷெஹிர் என்ற ஊரில் எட்டு மாதமாக இருக்கிறேன். போன ஞாயிறு கூட வேலை பார்க்கும் ஒரு துருக்கிக்காரர், "அறையில் படுத்துக் கிடக்காதே, வா" என்று காரில் ஏற்றித் தெற்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டி, யாஸிலிகாயா என்ற கிராமத்தில் இறக்கிவிட்டார்.

ஊருக்கு மேலே ஒரு பாறை. அதன் ஒரு பக்கத்தை அப்படியே வீட்டு முகப்பு மாதிரி செதுக்கியிருக்கிறார்கள். உயரம் 17 மீட்டர் என்று சொன்னார். உச்சியில் முக்கோணக் கூரை, அதற்குக் கீழே சுவர் முழுக்கப் பாய்ப் பின்னல் போலக் கட்டம் கட்டமாக ஒரு வேலைப்பாடு. கீழே ஒரு வாசல். வாசல் என்றால் உள்ளே போக முடியாது, ஒரு மாடம் அளவுக்குக் குடைந்து நிறுத்திவிட்டார்கள்.

விஷயம் இதுதான். முகப்புக்கு வெளியே, மேலே இடது பக்கம் பாறையில் ஒரு வரி எழுத்து ஓடுகிறது. போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்லூரியில் கணக்குப் பாடத்தில் பார்த்த டெல்டா, லாம்டா எல்லாம் இருக்கிறது. எழுத்துக் கூட்டினால் நடுவில் 'மிதாய்' என்று வருகிறது. கிரேக்கம்தானே என்று கேட்டேன், நண்பர் பலமாகத் தலையாட்டி மறுத்தார். "ஃப்ரிக், ஃப்ரிக்" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

தொட்டதெல்லாம் பொன்னான மிதாஸ் கதை எல்லோருக்கும் தெரியும், அந்த மிதாஸ்தானா இது? எழுத்து கிரேக்கமாக இருந்தால் மொழியும் கிரேக்கமாகத்தானே இருக்க வேண்டும்? பேச ஆளே இல்லாத மொழி என்றால் அதை எப்படிப் படிக்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறும் லீவுதான்.

ஈய எழுத்து:

தம்பி, கொடுத்து வைத்தவர். நான் முப்பத்தொரு வருஷம் அச்சுக்கோர்த்தவன். கடைசியில் கம்ப்யூட்டர் வந்து கேஸ்களை எடைக்குப் போட்டபோது கிரேக்க எழுத்து இருந்த ஒரு பெட்டியை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். இயற்பியல் புத்தகங்களுக்காக வாங்கியது அது. அதில் தொடங்கிய பைத்தியம்தான் இன்றுவரை ஓடுகிறது. நீங்கள் நேரில் பார்த்த பாறையை நான் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் நண்பர் சொன்னது சரி. அது பிரிகிய மொழி, முற்காலத்தில் இன்றைய துருக்கியில் வாழ்ந்த பிரிகியர் என்ற மக்கள் பேசியது. 'ஃப்ரிக்' என்பது துருக்கியில் அதன் பெயர். எழுத்தை வைத்து மொழியை முடிவு செய்யாதீர்கள். என் பேரன் வாட்ஸப்பில் ஆங்கில எழுத்தில் 'சாப்டியா தாத்தா' என்று அனுப்புகிறான், அது ஆங்கிலம் ஆகிவிடுமா? பிரிகியருடைய எழுத்தும் கிரேக்கருடைய எழுத்தும் பினீசிய எழுத்திலிருந்து வந்தவை, ஒரு சில எழுத்துகள் தவிர மற்றவை ஒன்றுபோல இருக்கும். அதனால்தான் நீங்கள் எழுத்துக் கூட்ட முடிந்தது.

அந்த வரி முழுசாக இது:

அதெஸ் : அர்கியயெவைஸ் : அகெனனொகவொஸ் : மிதாய் : லவக்தயெய் : வனக்தெய் : எதயெஸ்

அதெஸ் என்பது ஆள் பெயர். அடுத்த இரண்டும் அவருடைய பட்டம் அல்லது பதவி. கடைசிச் சொல் வினை: 'செய்தான்', 'வைத்தான்'. நடுவில் இருப்பது யாருக்கு என்பது: மிதாஸுக்கு, லவக்தாஸுக்கு, வனக்ஸுக்கு. மூன்று சொல்லும் தனித்தனியாக நாலாம் வேற்றுமை உருபை ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. தமிழில் 'படைத்தலைவனும் அரசனுமான மிதாஸுக்கு' என்று கடைசியில் ஒரு 'கு' போதும். அங்கே ஒவ்வொன்றுக்கும் போட்டாக வேண்டும்.

எனக்கு இதில் சுவையான இடம் அந்த இரண்டு பட்டங்கள்தான். கிரேக்கத்தில் அரசனுக்கு 'அனக்ஸ்' என்று ஒரு பழைய சொல். அதன் முன்னால் ஒரு காலத்தில் 'வ' இருந்தது. 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக் கலைஞர் பழைய கிரேக்க அரண்மனைகளில் கிடைத்த லீனியர் பி என்ற களிமண் பலகை எழுத்தைப் படித்துக் காட்டினார் அல்லவா, அந்தப் பலகைகளில் 'வனக்ஸ்', 'லவகெதாஸ்' இரண்டு பட்டங்களும் இருக்கின்றன. கிரேக்கர் அரண்மனைகள் இடிந்து சில நூற்றாண்டு கழித்து, கடலுக்கு இந்தப் பக்கம் பிரிகியர் பாறையில் அதே ஜோடிப் பட்டம். கடன் வாங்கினார்களா, பொதுச் சொத்தா என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

மிதாஸ் விஷயம். பெயர் கற்பனை இல்லை. அசீரிய அரசன் இரண்டாம் சர்கோனின் ஆவணங்களில் 'முஷ்கி நாட்டு மித்தா' என்று ஒருவர் வருகிறார், அவரைத்தான் கிரேக்கர் சொன்ன பிரிகிய அரசன் மிதாஸ் என்று கொள்கிறார்கள். கி.மு. 709 வாக்கில் சர்கோனோடு சமாதானம் செய்துகொண்டார். பொன் கதை கிரேக்கர் கட்டியது. நீங்கள் பார்த்தது கல்லறையும் இல்லை. 1800-இல் வில்லியம் மார்ட்டின் லீக் என்ற ஆங்கிலேயர் அந்த வழியாகப் போனபோது, மிதாஸ் பெயரைக் கூட்டிப் படித்துவிட்டு அரசன் சமாதி என்று எண்ணிவிட்டார். அது அவர்கள் தாய்த் தெய்வத்துக்கான முகப்பு. அந்த மாடம் சிலை வைக்க. அந்தத் தெய்வத்தைக் கல்வெட்டுகளில் 'மாதர்' என்றே எழுதுகிறார்கள், சில இடத்தில் 'மாதர் குபிலெயா'. பின்னால் கிரேக்கரும் ரோமரும் சிபெலே என்று கும்பிட்டது இவளைத்தான்.

இணையத்தில் தேடும்போது ஒன்று கவனம். யாஸிலிகாயா என்றால் துருக்கியில் 'எழுத்துள்ள பாறை' என்று பொருள். அங்கே வாழ்ந்த இன்னொரு பழைய இனமான ஹிட்டைட்டுகளின் தலைநகரம் பக்கத்தில் இதே பெயரில் இன்னொரு பாறை இருக்கிறது. அதன் படத்தைப் போட்டு இதன் கதையை எழுதியிருப்பார்கள்.

செந்தமிழ்வேர்:

வனக் என்றால் அரசன். அரசனுக்கு வைப்பது வணக்கம். மாதர் என்றால் பெண், தமிழில் இன்றும் மாதர் சங்கம் என்கிறோம். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? நம்முடைய வேரை நாமே கிரேக்கனுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பெட்டிக்காரன்:

ஐயா, ரொம்ப நன்றி. மாடத்தைக் கல்லறை வாசல் என்று நினைத்து உள்ளே கை நீட்டிப் படம் வேறு எடுத்தேன், அம்மன் மன்னிக்கட்டும்.

செந்தமிழ்வேர் சொன்னதைப் படித்ததும் எனக்கும் சட்டென்று பொறி தட்டியது உண்மை. வனக், வணக்கம் இரண்டும் இவ்வளவு ஒட்டி வருகிறதே. இல்லை என்றால் ஏன் இல்லை என்று சொல்லுங்களேன்.

ஈய எழுத்து:

சொல்கிறேன். கொஞ்சம் என் தொழில் வழியாக வர வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அச்சகத்தில் ஒரு 'ண' இருந்தது. யாரோ கீழே போட்டதில் அதன் அடியில் ஒரு சின்ன வெட்டு. அந்த 'ண' கல்யாணப் பத்திரிகையில் வந்தாலும் வெட்டு விழும், கருமாதிப் பத்திரிகையில் வந்தாலும் விழும், பள்ளிக்கூட வினாத்தாளில் வந்தாலும் விழும். ஊரில் எந்தத் தாளை நீட்டினாலும் அந்த வெட்டைப் பார்த்து 'இது நம்ம கடைச் சரக்கு' என்பேன். ஒரே ஒரு தாளில் மட்டும் பார்த்திருந்தால்? அது மைக்கறையாக இருக்கலாம், காகிதத்தில் தூசியாக இருக்கலாம். பத்துத் தாளில் அதே எழுத்தில் அதே இடத்தில் வந்தால்தான் வெட்டு.

மொழி உறவு பார்ப்பதும் இப்படித்தான். இரண்டு சொல் ஒன்றுபோலக் கேட்பது ஒரு தாளில் பார்த்த கறை. ஒரே மாற்றம் சொல்லுக்குச் சொல் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்லோகப் புத்தகம் கோர்க்கும்போது வடமொழி ஒலிகளுக்காக எழுத்தின் தலையில் சின்னதாக 2, 3, 4 வைப்போம். தெரிந்தவர்களுக்குத் தெரியும். 'பாபு' என்பதில் வருவது ப³. 'பாரதம்' என்பதை மூச்சோடு சொன்னால் ப⁴. இப்போது பாருங்கள். 'சுமக்கிறான், கொண்டுவருகிறான்' என்பதற்கு வடமொழியில் ப⁴ரதி. கிரேக்கத்தில் ஃபெரெய். லத்தீனில் ஃபெர்த். பிரிகியத்தில் பெ³ரெத். சரி, ஒரு தாள். அடுத்தது, 'சகோதரன்': வடமொழி ப்⁴ராதா, கிரேக்கம் ஃப்ராதேர், லத்தீன் ஃப்ராதெர், பிரிகியக் கல்வெட்டில் 'சகோதரனுக்கு' என்பது ப்³ரதெரெ. வடமொழி ப⁴ வைத்த இடத்தில் கிரேக்கமும் லத்தீனும் வேறு ஒன்றை வைக்க, பிரிகியம் ஒழுங்காக ப³ வைக்கிறது. வெட்டு அதே இடத்தில் விழுகிறது.

இதே ஒழுங்கில்தான் பாறையில் பார்த்த எத³யெஸ் என்ற வினையும் வருகிறது. வடமொழியில் 'வைத்தான்' என்பது அதா⁴த். முன்னால் ஒரு 'அ' ஒட்டி இறந்தகாலம் காட்டுகிறது, அதே இடத்தில் பிரிகியத்தில் 'எ'. கிரேக்கத்திலும் 'எ', எதேகெ. இப்படி வினைக்கு முன்னால் ஓர் உயிரை ஒட்டும் பழக்கம் கிரேக்கம், அர்மீனியம், ஈரானிய-இந்திய மொழிகள், பிரிகியம் என்ற சிறிய வட்டத்துக்குள்தான். இந்த மொழிக்குக் கிரேக்கம் நெருங்கிய சொந்தம் என்று சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இப்போது வணக்கத்துக்கு வருவோம். நமக்கு 'வணங்கு' என்று வினை இருக்கிறது, 'வளை', 'குனி' என்ற பொருளோடு. 'தொடங்கு, தொடக்கம்' போல 'வணங்கு, வணக்கம்'. நம் வீட்டுச் சொல், நம் இலக்கணத்தில் விளைந்தது. பிரிகியச் சொல்லின் அடி வனக்-த். அந்த 'த்' கிரேக்கத்திலும் இருக்கிறது. அதைக் கழற்றி எறிந்தால்தான் வணக்கத்துக்குப் பக்கத்திலேயே வர முடியும். மாதர் வேறு கதை. அது வடமொழி மாத்ரு வழியாகத் தமிழுக்கு வந்ததாகக் கருதப்படும் சொல், அந்த மாத்ருவும் பிரிகிய மாதரும் அக்கா தங்கைதான். ஆக, மாதர் சங்கத்துக்கும் அந்தப் பாறைக்கும் சுற்றி வளைத்து உறவு உண்டு. செந்தமிழ்வேர் நண்பர் கோபிக்க வேண்டாம், பாதி மதிப்பெண்.

அடுத்து, 'எப்படிப் படிக்கிறார்கள்' என்று தம்பி கேட்டது.

பிரிகியத்தில் இரண்டு அடுக்கு. பழையது, கி.மு. 8-ஆம் நூற்றாண்டிலிருந்து 4-ஆம் நூற்றாண்டு வரை, அவர்களுடைய சொந்த எழுத்தில். அதில் பெரும்பாலும் சட்டி பானையில் கீறிய பெயர்கள். இடமிருந்து வலமாகவும் இருக்கும், வலமிருந்து இடமாகவும் இருக்கும், சிலது ஏர் உழுகிற மாதிரி ஒரு வரி இப்படி, அடுத்த வரி அப்படி. வரி திரும்பினால் எழுத்தும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். படிப்பவர்கள் திணறுவார்களாம். எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை, முப்பத்தொரு வருஷம் ஈய எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பித்தானே படித்தேன்.

புதியது கி.பி. 1 முதல் 3-ஆம் நூற்றாண்டு வரை, கிரேக்க எழுத்தில். நூற்றுச் சொச்சம் கல்வெட்டுகள், அநேகமாக எல்லாம் கல்லறைக் கல். சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் ஒரே ஓட்டமாக வெட்டியிருப்பார்கள். இடைவெளிக்கட்டை போடாமல் எடுத்த புரூஃப் தாள் மாதிரி. அதில் எங்கே வெட்டுவது? ஆனால் ஒரு கல்லில் பார்த்த எழுத்துச் சரம் அடுத்த கல்லிலும் வருகிறது, அதற்கடுத்த கல்லிலும் வருகிறது. ஒன்றில் நடுவில் ஒரு சொல் மாறுகிறது, ஒன்றில் இரண்டு சொல் இடம் மாறுகிறது. மாறுகிற இடம்தான் சொல்லின் ஓரம். அப்படி வெட்டி வெட்டி எடுத்தது இது:

இயொஸ் நி செமுன் க்னுமனெய் ககுன் அத்தகெத்,
மெ ஜெமெலோஸ் கெ தெயோஸ் கெ தித்தெதிக்மெனோஸ் எய்து

'எவன் இந்தக் கல்லறைக்குக் கேடு செய்கிறானோ, அவன் மனிதரிடையிலும் தெய்வங்களிடையிலும் சபிக்கப்பட்டவனாக ஆகட்டும்.' நம் கோயில் கல்வெட்டு முடிவில் 'கங்கைக் கரையில் காராம் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்' என்று வருமே, அந்த வேலைதான்.

அந்த 'கெ'யைக் கவனியுங்கள். 'ஜெமெலோஸ் கெ தெயோஸ் கெ'. நம் 'உம்' மாதிரி ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் வந்து உட்காருகிறது. மனிதரும் தெய்வமும். வடமொழி 'ச', லத்தீன் 'க்வெ', கிரேக்க 'தெ' எல்லாம் இதன் உறவு. நமக்கு உறவு இல்லை, ஆனால் நம் காதுக்கு உடனே பழகிவிடுகிறது. ஜெமெலோஸ் என்பது மண்ணைக் குறித்த வேரிலிருந்து வந்தது, 'மண்ணுலகத்தார்'. தெயோஸ் சொல்லவே வேண்டாம், லத்தீன் தெயுஸ், வடமொழி தேவ, எல்லாம் ஒன்றுதான்.

கொய்னே:

ஈய எழுத்து ஐயாவுக்கு வணக்கம். நான் இறையியல் மாணவர்களுக்குக் கிரேக்கம் சொல்லிக் கொடுக்கிறவள். உடைந்த 'ண' உதாரணத்தை வகுப்பில் திருடப்போகிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் கடைசி வரியில் சறுக்கிவிட்டீர்கள். கிரேக்க தெயோஸும் லத்தீன் தெயுஸும் ஒன்று என்று என்னிடமும் வருஷா வருஷம் ஒரு மாணவர் சொல்வார். அவை இரண்டும் உறவே இல்லை. உங்கள் சின்ன எண்களை வைத்தே காட்டலாம். வடமொழி தே³வ, லத்தீன் தெ³யுஸ், இவை த³ வரிசை, வானத்தின் ஒளியைக் குறித்த வேர். கிரேக்க தெயோஸ் அந்தப் பழைய த⁴ வரிசையிலிருந்து வந்தது. பிரிகியம் த⁴ இருந்த இடத்தில் த³ வைக்கும், நீங்களே எத³யெஸில் காட்டினீர்கள். ஆகவே பிரிகிய தெ³யோஸ் கிரேக்கச் சொல்லின் கூட்டாளி. தே³வ பக்கம் போகாது.

அப்படியானால் தே³வ வேருக்குப் பிரிகியத்தில் ஆளே இல்லையா? இருக்கிறது. நீங்கள் எழுதிய சாபத்தில் பல கற்களில் 'தியெ' என்று ஒரு சொல் சேர்ந்து வரும். வானத் தெய்வம், கிரேக்கரின் ஜீயுஸ், வேதத்தின் த்³யௌஸ். அங்கே த³ வல்லின 'த' ஆகியிருக்கிறது. சாபத்தின் ஒரே வரியில் தெயோஸும் தியெயும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, பார்வைக்கு அண்ணன் தம்பி, பிறப்பில் வேறு வேறு குடும்பம்.

பெட்டிக்காரன் தம்பிக்கு இன்னொன்று. தமிழ் வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 2-ஆம் அதிகாரத்தில் பெந்தெகொஸ்தே நாளன்று கூடியிருந்தவர்களின் ஊர்ப் பட்டியலில் பிரிகியா வரும். 16-ஆம் அதிகாரத்தில் பவுல் பிரிகியா நாட்டைக் கடந்து போகிறார். ஞாயிற்றுக்கிழமை வாசிப்பில் ஓடிப்போய்விடும் பெயர். ஆனால் ஐயா சொன்ன அந்தக் கல்லறைக் கற்களில் பழையவை ஏறக்குறைய அந்தக் காலத்தவை. பவுல் நடந்த சாலையோரத்தில் இந்த மொழியைப் பேசுகிறவர்கள் இருந்தார்கள்.

அந்தக் கற்களில் பலவற்றில் இரண்டு மொழி இருக்கும். இன்னாருக்கு இன்னார் வைத்த கல் என்ற முகவரிப் பகுதி கிரேக்கத்தில். அது ஆட்சி மொழி, வருகிறவர் போகிறவர் எல்லோரும் படிக்கலாம். சாபம் மட்டும் பிரிகியத்தில். எழுதியவர்களுக்குப் பழைய மொழி எவ்வளவு தெரிந்திருந்தது என்று ஆய்வாளர்கள் வாதிடட்டும். என் பாட்டி இருபது வருஷம் மும்பையில் இருந்தவர், காய்கறிக்காரனிடம் இந்தியில் பேரம் பேசுவார், வயிறெரிந்து திட்ட வேண்டுமானால் திருநெல்வேலித் தமிழ்தான். எனக்கு அந்தக் கற்களைப் பார்த்தால் அவர் ஞாபகம்தான் வரும்.

சாபங்களில் இன்னொரு வகை, 'பஸ் இயொய் பெகொஸ் மெ பெரெத்'. பஸ் என்பது ஒரு தெய்வத்தின் பெயர் என்று கொள்கிறார்கள். 'பஸ் அவனுக்கு ரொட்டி கொண்டுவராமல் போகட்டும்.' ஐயா சொன்ன பெரெத் இங்கேதான் இருக்கிறது. பெகொஸ் என்றால் ரொட்டி. இந்தச் சொல் கல்வெட்டு கிடைப்பதற்கு முன்பே உலகத்துக்குத் தெரியும். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் கதை: எகிப்து மன்னன் ப்சம்மெதிகஸ், உலகத்தின் மூத்த இனம் எது என்று கண்டுபிடிக்க இரண்டு கைக்குழந்தைகளை ஓர் ஆட்டிடையனிடம் கொடுத்து, எதிரில் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றான். இரண்டு வருஷம் கழித்து அவன் கதவைத் திறந்தபோது குழந்தைகள் கையை நீட்டிக்கொண்டு 'பெகொஸ்' என்றன. விசாரித்தால் பிரிகியத்தில் ரொட்டி. சரி, அவர்களே மூத்தவர்கள் என்று எகிப்தியர் ஒத்துக்கொண்டார்களாம். குழந்தைகள் ஆட்டுச் சத்தத்தைத்தான் திருப்பிச் சொல்லியிருக்கும் என்று பழைய காலத்திலேயே கிண்டல் செய்துவிட்டார்கள். 'எங்கள் மொழிதான் முதல்' என்ற போட்டி அப்போதே ஆரம்பித்துவிட்டது, செந்தமிழ்வேர் அவர்களே.

செந்தமிழ்வேர்:

ஆடு மேய்த்தவன் பேச்சைக் கேட்டு எகிப்தியன் விட்டுக்கொடுத்தான். நான் விட மாட்டேன். ஆனாலும் 'வனக்-த்' பற்றிச் சொன்னது யோசிக்க வேண்டியது.

ஈய எழுத்து:

கொய்னே அம்மாவுக்கு நன்றி. ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு மறு வரியிலேயே குழியில் விழுந்தேன். இரண்டு சொல் ஒன்றுபோலக் கேட்கிறது என்பதற்காக ஒன்று என்று எழுதிவிட்டேன், பக்கத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பிழை திருத்தத்தை அப்படியே ஏற்கிறேன். மேலே இருப்பதை அழிக்க மாட்டேன், இருக்கட்டும். மெய்ப்புத் தாளில் அடித்த பிழையும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும்.

தம்பி, அடுத்த ஞாயிறு லீவு என்றீர்களே. எஸ்கிஷெஹிரிலிருந்து அங்காரா போகும் வேக ரயில் பொலாத்லியில் நிற்கும். அங்கிருந்து பக்கம்தான் கோர்டியோன், பிரிகியருடைய தலைநகரம். 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அங்கே ஒரு மண்மேடு, 53 மீட்டர் உயரம், அதாவது நீங்கள் பார்த்த பாறை மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் ஏறக்குறைய வரும் உயரம். 1957-இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்து ராட்னி யங் ஒரு பக்கமாகச் சுரங்கம் வெட்டி உள்ளே போனார். நடுவில் மரத்தாலான அறை, உள்ளே அறுபது வயது தாண்டிய ஓர் ஆள், சுற்றிலும் வெண்கலப் பாத்திரங்கள், விருந்து முடிந்த கல்யாண மண்டபம் மாதிரி. பாத்திரத்தில் ஒட்டியிருந்த கசடைப் பின்னால் சோதித்ததில் திராட்சை மது, பார்லி பீர், தேன் மது மூன்றும் கலந்த ஒரு பானம் என்று தெரிந்தது. மிதாஸ் மேடு என்று பெயர் வைத்தார்கள், ஆனால் மரத்தின் வளையங்களை எண்ணினால் கி.மு. 740 வாக்கில் வருகிறது. மிதாஸ் அப்புறமும் உயிரோடு இருந்தவர். அதனால் அவருக்கு முந்தைய அரசன், ஒருவேளை அப்பா.

எனக்கு அந்த அரசனைவிட அந்தக் கிண்ணங்கள்மேல்தான் ஆசை. சில வெண்கலக் கிண்ணங்களில் தேன்மெழுகை ஒரு பட்டையாக அப்பி, அதில் பெயரைக் கீறியிருக்கிறார்கள். ஈயத்தில் இல்லை, கல்லில் இல்லை, மெழுகில். இரண்டாயிரத்து எழுநூறு வருஷம் அது உருகாமல் இருந்திருக்கிறது. அதில் ஒரு பெயர் சிட்சிதோஸ். நடுவில் அந்த 'ட்ஸ்' ஒலிக்கு அவர்கள் அம்புக்குறி போல ஓர் எழுத்து வைத்திருந்தார்கள், மேல் நோக்கிய அம்பு. கிரேக்கப் பெட்டியில் அது கிடையாது. என் பெட்டியில் மட்டும் அதற்கென்று ஒரு காலி அறை விட்டு வைத்திருக்கிறேன், அசட்டுத்தனம்தான்.

கேளுங்கள். 2007-இல் அதே அறையின் கூரை உத்தரம் ஒன்றில் சில பெயர்கள் கீறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அரை நூற்றாண்டாக எத்தனையோ பேர் போய் வந்த அறை, யார் கண்ணிலும் படவில்லை. அந்தப் பெயர்களில் ஒன்று சிட்சிதோஸ். கிண்ணத்தில் பெயர் போட்டவரே மேலே உத்தரத்திலும் பெயர் போட்டிருக்கிறார். ஈமச் சடங்குக்கு வந்து, குடித்து, மேலே மண் மூடுவதற்கு முன் மரத்தில் பெயரைக் கீறிவிட்டுப் போனவர்கள் என்று எண்ணுகிறார்கள். கல்யாண வீட்டில் எவர்சில்வர் டம்ளரில் பெயர் வெட்டி வைப்போமே, அந்த ஆசை.

சுரங்கம் வழியாக உள்ளே போய்க் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று அறையைப் பார்க்கலாம். கல்லறைப் பொருள்கள் அங்காரா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அதற்கு இன்னொரு ஞாயிறு வேண்டும்.

பெட்டிக்காரன்:

ஐயா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. பொலாத்லிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். துருக்கி நண்பரிடம் எத்தனை மது கலந்தது என்று சொன்னதும் அவரும் வருகிறேன் என்கிறார்.

ஒரு கேள்வி மிச்சம். வெல்டிங் முடிந்ததும் பெட்டியின் அடியில், யாரும் பார்க்காத இடத்தில், பெரம்பூரில் நாங்கள் சாக்பீஸால் இனிஷியல் போடுவோம். பெயின்ட் அடித்ததும் மறைந்துவிடும். உத்தரத்தில் பெயர் போட்டவர்கள் விருந்தாளிகள்தான் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? மரம் அறுத்த தச்சர்களாக இருக்கக் கூடாதா?

ஈய எழுத்து:

தச்சருக்கு வெண்கலக் கிண்ணத்தில் பெயர் போட்டுக் கொடுப்பார்களா தம்பி? சிட்சிதோஸ் இரண்டு இடத்திலும் இருக்கிறாரே. ஆனால் மற்றப் பெயர்கள் கிண்ணத்தில் இல்லை. அந்த மற்றவர்களைப் பற்றி நீங்கள் கேட்பது நல்ல கேள்விதான். உள்ளே போனதும் உத்தரத்தின் மூட்டுகளைப் பாருங்கள், இணைப்பு எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும். வந்து எழுதுங்கள்.